ஜெர்மனியில் ஒரு சபைக்குள் நுழைவது

படிக்கவோ வேலைக்கோ ஜெர்மனிக்கு வந்தவர்களைத் தனிமை அதிகம் வாட்டுவது ஞாயிற்றுக்கிழமைதான். கடைகள் அடைத்திருக்கும், தெரு வெறிச்சோடிக் கிடக்கும், வீட்டுக்குப் போன் பேசி முடித்தாலும் பகல் நீண்டு கிடக்கும். கிறிஸ்தவருக்கு அன்று போக ஓர் இடம் உண்டு. ஆனால் ஆராதனை முடிந்த கையோடு எழுந்து வந்துவிட்டால், ஆறு மாதம் போனாலும் அங்கே உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

பெரும்பாலும் காலை 10 மணி வாக்கில் ஆராதனை. சற்று முன்னதாகப் போய் வாசல் அலமாரியில் பாட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவர்ப் பலகையில் முதலில் இருப்பது பாட்டின் எண். அடுத்துச் சிறிதாக இருப்பவை பாட வேண்டிய சரணங்கள். மொழி புரியாவிட்டாலும், ஊரில் ஞானப்பாட்டு பாடி வளர்ந்தவர்களுக்குச் சில ராகங்கள் உடனே பிடிபடும். ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்த மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவருக்குப் பின் வந்த பப்ரிசியுஸ் போன்றவர்கள் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கினார்கள். தெரிந்த ராகம் வந்தால் வாய்விட்டுப் பாடுங்கள்.

பல சபைகளில் ஆராதனைக்குப் பிறகு காபி உண்டு. யாரும் கையைப் பிடித்து அழைக்க மாட்டார்கள். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு மனம் நொந்து திரும்புகிறவர்கள் நிறைய; உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற தயக்கமே அதற்குப் பெரும்பாலும் காரணம். ஆள் இருக்கும் மேசையாகப் பார்த்து, "இங்கே இடம் இருக்கிறதா?" என்று கேட்டு உட்காருங்கள். முடிந்ததும் கோப்பைகளைச் சமையலறைக்கு எடுத்துப்போய்த் துடைக்க நில்லுங்கள். கையில் துணியும் முன்னால் ஈரத் தட்டும் இருக்கும்போது இலக்கணப் பிழை யாருக்கும் பெரிதாகத் தெரியாது. வேலையில் தோள் கொடுப்பவரைத்தான் இந்த ஊர்க்காரர்கள் சீக்கிரம் நெருங்கவிடுவார்கள். அடுத்த படி பாடகர் குழு: வாரநாள் மாலை ஒத்திகை, புதுக்குரல்களுக்குப் பெரும்பாலும் வரவேற்பு. புரொட்டஸ்டன்ட் சபைகளின் ஊதுகருவிக் குழுக்களில் பல, கருவியை இரவல் தந்து ஆரம்பப் பாடமும் சொல்லித் தருகின்றன.

வரி விஷயம் பலரை அதிரவைக்கிறது. முகவரி பதியும்போது மதக் கட்டத்தில் கத்தோலிக்கர் அல்லது புரொட்டஸ்டன்ட் என்று எழுதினால், சம்பளத்தில் திருச்சபை வரி பிடிப்பார்கள். பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8, மற்றவற்றில் 9 சதவீதம். இது சம்பளத்தின் மீதல்ல, வருமான வரியின் மீது: மாதம் 500 யூரோ வருமான வரி என்றால் 45 அல்லது 40 யூரோ. வருமான வரி கட்டாத மாணவருக்கு இதுவும் இல்லை. ஆராதனைக்கு வர யாரும் ரசீது கேட்பதில்லை. ஆனால் கத்தோலிக்கர் பிறகு அரசு அலுவலகத்தில் திருச்சபையிலிருந்து விலகுவதாகப் பதிந்தால், நற்கருணை பெறும் உரிமையையும் இழக்கிறார். யோசித்து எழுதுங்கள்.

தமிழில் செபிக்க ஏங்கும் கத்தோலிக்கருக்குப் பல நகரங்களில் தமிழ்த் திருப்பலி உண்டு. ஆகஸ்டில் கேவலார் மாதா திருத்தலத்துக்கு ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் திரள்கிறார்கள், இந்துக்களும் சேர்த்து. ஆனாலும் தமிழ்ச் சபை மட்டும் போதும் என்றிருக்க வேண்டாம். அது தூரத்து நகரில் மாதம் ஒருமுறை நடப்பதாக இருக்கலாம். காய்ச்சலில் படுத்தால் மருந்து வாங்கித் தர அடுத்த தெருவில் ஆள் வேண்டும்.

டிசம்பர் 24 மாலைதான் மிகக் கடினம். பிற்பகலிலேயே கடைகள் மூடிவிடும், குடும்பங்கள் கதவடைத்துக்கொள்ளும். தனியாக இருப்பவர்களுக்குச் சில சபைகள் அன்றிரவு விருந்து வைக்கின்றன, முன்பதிவு கேட்பார்கள். நவம்பர் கடைசியிலேயே கோயில் வாசல் கண்ணாடிப் பெட்டியில் அறிவிப்பைத் தேடிப் பெயர் கொடுங்கள். பரிமாற ஆள் தேவையா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.