வார்டு போஸ்டிங் குறிப்புகள்: எண்ணாமல் எழுதிய 18

மார்ச் 3, திங்கள்

தொழில் ஒழுக்கம் என்றால் என்ன? வார்டு போஸ்டிங்கின், அதாவது வார்டில் நோயாளிகளிடம் பயிலும் காலத்தின், முதல் நாள் கேட்டால் மருத்துவ மாணவர்கள் சொல்வது வெள்ளை கோட், நேரத்துக்கு வருவது, மூத்தவர்களிடம் பணிவு. மதிப்பெண் தாளிலும் பெரும்பாலும் அவைதான் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிவதை அளப்பது சுலபம். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் "மாட்டிக்காம இருக்கிறது" என்று பாதி கிண்டலாக ஒரு பதில் வரும். கவலைப்பட வேண்டியது மீதிப் பாதிக்காக.

மார்ச் 5, புதன்

கேஸ் ஷீட்டில் மூச்சு எண்ணிக்கை. வரிசையாக 18, 18, 20, 18. நிமோனியாக்காரருக்கும் 18, நாளை வீட்டுக்குப் போகிறவருக்கும் 18. இயல்பளவு நிமிடத்துக்கு 12 முதல் 20 என்பதால், எண்ணாத கை பத்திரமாகப் போய் நிற்கும் இடம் அது.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. நாடி பார்த்து முடித்ததும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. நாடி பார்ப்பதுபோலவே பிடித்துக்கொண்டு, பார்வையை மட்டும் மார்புக்கு மாற்ற வேண்டும். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும். முழு 60 விநாடி வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சை விட்டாலே 24 என்பது 20 ஆகிவிடும். நோயாளி மோசமாகப் போவதை முதலில் காட்டும் அறிகுறிகளில் ஒன்று அப்படித்தான் இயல்பளவுக்குள் ஒளிந்துகொள்கிறது.

எண்ணாமல் 18 எழுதுவதை மாணவர்கள் பொய் என்று நினைப்பதில்லை, ஃபார்மாலிட்டி என்கிறார்கள். ரவுண்ட்ஸில் "வைட்டல்ஸ்?" (நாடி, மூச்சு போன்ற அளவுகள்) என்ற கேள்விக்கு "இன்னும் பார்க்கல சார்" என்றால் திட்டு விழும். "ஸ்டேபிள் சார்" என்றால் எல்லோரும் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுவார்கள். எது செல்லுபடியாகும் என்று புரிய இரண்டு நாள் போதும். சமூகவியலாளர் ஃப்ரெடெரிக் ஹாஃபர்ட்டி 1994இல் எழுதிய மறைமுகப் பாடத்திட்டம் இதுதான். வகுப்பில் யாரும் நடத்துவதில்லை. ஆனாலும் எல்லோரும் பாஸ்.

மார்ச் 6, வியாழன்

கை சுத்தம். ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60. எல்லோருக்கும் மனப்பாடம். யூனிட் தலைவர் தேய்க்காமல் அடுத்த படுக்கைக்குப் போனால், பின்னால் போகிற கூட்டமும் தேய்க்காது.

மார்ச் 11, செவ்வாய்

சம்மதம். "மாணவர்னு சொன்னா தொடவே விடமாட்டாங்க" என்பது மாணவர்களின் வாதம். எங்கள் அனுபவத்தில், உட்கார்ந்து பேசினால் மறுப்பவர்கள் குறைவு. சொல்ல வேண்டியவை: பெயர், மருத்துவ மாணவர் என்பது, எங்கே தொடப்போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், வேண்டாமென்றால் சிகிச்சையில் ஒரு குறையும் வராது. கடைசியைத்தான் பலர் விழுங்கிவிடுகிறார்கள். ஒரே மண்ணீரலை ஆறாவது ஆள் அழுத்தும்போது முதலாமவரிடம் சொன்ன "சரி" செல்லாது. மறுபடி கேட்க வேண்டும்.

மயக்க நிலையில் மாணவர் செய்யும் இடுப்பறைப் பரிசோதனைக்கு (பெல்விக் எக்ஸாம்), மயக்கம் கொடுப்பதற்கு முன்பே, அதைப் பெயர் சொல்லித் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் போட்ட கையெழுத்தை இதற்கும் சேர்த்துக்கொள்ள முடியாது.

மார்ச் 18, செவ்வாய்

மதிப்பீட்டுத் தாள் நிரப்பும் நாள். பாப்படாகிஸ் குழு 2005இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு: மருத்துவ வாரியங்களின் நடவடிக்கைக்கு உள்ளான 235 மருத்துவர்களின் கல்லூரிப் பதிவுகளை, அப்படி எதுவும் இல்லாத 469 பேருடையவற்றோடு ஒப்பிட்டார்கள். வலுவாகத் தொடர்புபட்டது கடுமையான பொறுப்பின்மை. திருத்தியும் திருந்தாமை அதற்கு அடுத்து. அதனால் "ஆட்டிட்யூட் சரியில்லை" என்று எழுதுவதில் பயனில்லை. "பரிசோதிக்காமல் பதிவு செய்தார், சுட்டிக்காட்டியபின் மறுநாளும் அப்படியே" என்றால் பயன் உண்டு.

மார்ச் 20, வியாழன்

ஒரு மாணவியின் கேள்வி: காலை 8 மணிக்கு எண்ணாமல் 18 என்று எழுதிவிட்டேன், இப்போது எண்ணினால் 26. பழையதைத் திருத்தலாமா?

காலை 8 மணிக்கு நேராக 26 என்று மாற்றினால் அதுவும் எண்ணாத எண்தான். அந்த 18ஐப் படிக்கும்படி ஒரே கோட்டால் அடித்து, "எண்ணவில்லை" என்று எழுதி, தேதி, நேரம், கையெழுத்து. வெள்ளை மை கூடாது. புது வரியில் 11.20, மூச்சு 26. பேனாவை மூடியதும் நேராக டியூட்டி டாக்டரிடம்.