பம்பிங் டெஸ்ட்டைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

சிங்கப்பூரின் கல்லாங் வட்டாரத்தில் ஆழமாகத் தோண்டும் வேலை. மேலே கொழகொழவென்று கடல் களிமண், அடியில் மணல், அதற்கும் கீழே ஓல்டு அலூவியம் என்ற கெட்டியான பழைய வண்டல். மணலில் நீரழுத்தம் இறங்கினால் மேலேயுள்ள களிமண் இறுகி அமுங்கும், பக்கத்துக் கட்டடங்களும் கூடவே இறங்கும். அதனால் மணல் எதுவரை போகிறது என்பது தெரிந்தே ஆகவேண்டும். போர் (துளை) போட்டால் அந்த இடத்து மண் மட்டும்தான் தெரியும். அதனால் பம்பிங் டெஸ்ட்: ஒரு கிணற்றில் தொடர்ந்து நீரை இறைத்து, சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பது.

பம்பை ஓட்டுவதற்கு முன்பே சில நாள்கள் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தைப் பதிவு செய்தோம். கடல் ஏற்ற இறக்கமும் பக்கத்துத் தளத்தின் பம்பும் கணக்கைக் குழப்பிவிடும். இறைத்த நீரைத் தொட்டியில் தெளியவிட்ட பிறகே வடிகாலுக்கு அனுப்பினோம்.

பம்ப் இறைக்கும் ஓட்டம் நாளுக்கு 30 கன மீட்டர். வால்வை யாரும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஓட்டம் மாறினாலும் வரைபடத்தில் கோடு வளையும், அதை மணலின் எல்லை என்று நினைத்துவிடுவோம். கிணற்றுக்குள் இறக்கும் டிப் மீட்டர் நீரைத் தொட்டு பீப் அடித்ததும் டேப்பை விரலால் பிடித்து, “அண்ணே, நாலு அறுபத்திரண்டு!” என்று தம்பி ஒருவர் கத்துவார். முதல் பத்து நிமிடம் மூச்சுவிட நேரமில்லை.

நேரத்தை லாக் அளவிலும் நீர்மட்ட இறக்கத்தைச் சாதா அளவிலும் வரைந்தேன். 10 மீட்டர் தள்ளியிருந்த கிணற்றில் சுமார் 40 நிமிடத்திலிருந்து நேர்கோடு. நேரம் பத்து மடங்காகும்போது இறக்கம் 0.9 மீட்டர். 1946-இல் வந்த கூப்பர்-ஜேக்கப் முறைப்படி 0.183-ஐ 30-ஆல் பெருக்கி 0.9-ஆல் வகுத்தால், நீர்கடத்துதிறன், அதாவது மணல் அடுக்கு நீரை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதன் அளவு, நாளுக்கு 6.1 சதுர மீட்டர்.

“அதான் கோடு வந்துருச்சே சார், நிறுத்திடலாமா?” என்றார் சூப்பர்வைசர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லை இருந்தால் தாமதமாகத்தான் காட்டும். 72 மணி நேரமும் ஓடட்டும் என்றேன்.

இரண்டு மணி நேரம் தாண்டியதும் கோடு கீழே வளைந்தது. மூன்றாம் நாள் சாய்வு, அதாவது நேரம் பத்து மடங்காகும்போது இறக்கம், 1.8 மீட்டர், சரியாக இரட்டிப்பு. நீர் விடாத சுவர் போல ஓர் எல்லை இருப்பதற்கான அடையாளம் இது. சுவருக்கு அந்தப் பக்கம் இதே அளவு இறைக்கும் ஒரு கற்பனைக் கிணறு இருப்பதாக வைத்துக் கணக்கிட வேண்டும். முதல் அரை மீட்டர் இறக்கத்துக்கு 10 நிமிடம் ஆனது. பழைய கோட்டைவிட்டு அரை மீட்டர் விலக 640 நிமிடம். தூரம் நேரத்தின் வர்க்கமூலப்படி கூடும்; நேரம் 64 மடங்கு என்றால் தூரம் 8 மடங்கு, அதாவது கண்காணிப்புக் கிணற்றிலிருந்து கற்பனைக் கிணறு 80 மீட்டர். சுவர் ஏறத்தாழ அதில் பாதியில்.

ஒரு கிணற்றை வைத்துத் திசை தெரியாது. மூன்று கிணறுகளிலிருந்தும் வட்டம் போட்டு, அவை வெட்டும் இடத்தைப் பார்த்தேன்: வடமேற்கு. அங்கே போட்ட போரில் மணலே இல்லை, களிமண்ணைத் தாண்டியதும் ஓல்டு அலூவியம்தான். நீரழுத்தம் இறங்காமல் மணலுக்குள் நீரைச் செலுத்தும் ரீசார்ஜ் கிணறுகளை அந்தப் பக்கம் போடாமல், மணல் நீண்டு போகும் திசையில் அமைத்தோம்.