வடம் பிடிக்கப் பழைய ஆளும் வேணும்

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்த டாஸ் ஸ்டுடியோங்கிற 3டி சாப்ட்வேர்ல படமாக்கிட்டு இருக்கேன். முன்வரிசைல வடம் பிடிக்கது 2022ல வந்த ஜெனிசிஸ் 9ங்கிற 3டி மனுச மாடல். பின்னால நிக்க கூட்டம் பூரா பழைய மாடலான விக்டோரியா 4 பொம்பளையும், மைக்கேல் 4 ஆம்பளையும். அம்புட்டு பேரையும் புதுசா நிறுத்துனா கிராபிக்ஸ் கார்டு மூச்சு முட்டிரும் வே!

பழசுல தொல்லை தோலுதான். அப்படியே ஐரேங்கிற ரெண்டர் எஞ்சின்ல கடைசிப் படமா எடுத்தா பிளாஸ்டிக் பொம்மை. தோலோட மேற்பரப்பு செட்டிங்க ஐரே ஊபர் ஷேடருக்கு மாத்தி, பளபளப்பக் கொறச்சதும் ரதவீதி வெயில்ல கறுத்த ஆளா ஆயிட்டாக. முழங்கை மடங்குத எடம் சப்பையாவும், அங்க ஒரு துண்டப் போட்டாச்சு. புதுசோட போஸ பழசுக்குப் போடாதீக. எலும்பமைப்பே வேற, கை எங்கயோ போயிரும்.

வேட்டி மடிப்புதான் இன்னும் பாக்கி. நல்ல வேட்டி மாடல் வச்சிருக்கவுக இன்பாக்ஸ் வாங்க.