புளியந்தீவு யன்னலும் மருதமுனைத் திரைச்சீலையும்

மட்டக்களப்புக்குப் போய்வந்தவர்களின் போனைத் திறந்தால் கல்லடிப் பாலம் இருக்கும், பாலமீன்மடு வெளிச்சவீடு இருக்கும், பாசிக்குடாக் கடல் இருக்கும். என் போனில் இருப்பவை கதவுக் கொண்டிகள், யன்னல் கம்பிகள், சிவப்புச் சீமெந்துத் தரை, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு விறாந்தையின் மூலை. ஊர் பார்க்கப் போனவள் செய்கிற வேலையா இது என்று வீட்டில் கேட்டார்கள். நான் போனதே வீடுகளைப் பார்க்கத்தான்.

தெஹிவளையில் புதிதாகக் குடிபோன பிளட்டில் ஹோல் வெறுமையாகக் கிடக்கிறது. கொழும்புக் கடைகளில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன். எங்கே போனாலும் சாம்பல் நிற சோபா, சாம்பல் நிறக் கம்பளம், சுவருக்கு ஒரு சாம்பல் நிற ஓவியம். மழை இருட்டு உள்ள குளிர்நாட்டுக்காக யோசித்த அறைகள் அவை. வியர்த்துக் கொட்டுகிற ஊரில் அந்தச் சோபாவில் முதுகைச் சாய்த்தால் சட்டை ஒட்டிக்கொள்ளும். எங்கள் வெயிலையும் உப்புக் காற்றையும் தெரிந்த வீடுகளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கம்பஸ் தோழி ஒருத்தியின் அம்மம்மா வீடு மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் இருக்கிறது. உதயதேவி ரயிலில் ஏறிவிட்டேன்.

முதலில் கோட்டை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, பத்தே வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் கைக்குப் போனது. நான்கு மூலைக் கொத்தளங்கள், வாவியைப் பார்த்து நிற்கும் பீரங்கி, பல காலம் மாவட்டக் கச்சேரி அலுவலகம் இயங்கிய கட்டடம் எல்லாவற்றையும் பற்றி வேறு எங்கும் வாசிக்கலாம். என் கண் போனது சுவரின் தடிப்புக்கு. அவ்வளவு தடித்த சுவரில் ஒரு திறப்பு வைத்தால் அதன் அடிப்பகுதி தானாகவே ஓர் இருக்கை ஆகிவிடுகிறது. ஏறி உட்கார்ந்தால் வாவிக் காற்று நேரே முகத்துக்கு வருகிறது, வெயில் முழங்காலோடு நின்றுவிடுகிறது. காவலுக்குக் கட்டிய இடத்தில் இவ்வளவு சொகுசு! பிளட்டின் சுவர் அரைச்சாண் தடிப்பு. அங்கே இதைச் செய்ய முடியாது. ஆனால் யன்னலுக்குக் கீழே ஒரு தாழ்ந்த வாங்கு போடலாம். முதல் குறிப்பு அது.

அம்மம்மாவின் வீடு வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. ஓட்டுக்கூரை, குட்டை மதில், முன்னால் ஒரு மாமரம். படியேறி விறாந்தைக்கு வந்ததும்தான் சூடு சட்டென்று குறைந்தது.

"உள்ளுக்கு வா புள்ள, வெயிலுக்க நிக்காத" என்றார் அம்மம்மா.

நடு ஹோலின் கூரை பன்னிரண்டு அடி உயரம் இருக்கும். அறைக் கதவுகளுக்கு மேலே மரத்தில் பூவும் கொடியுமாக அறுத்த சல்லடை. பார்க்க அலங்காரம்தான், வேலை வேறு. சூடான காற்று மேலே ஏறும். கதவைச் சாத்தினாலும் அது இந்தச் சல்லடை வழியே அறைக்கு அறை நகர்ந்து ஓட்டிடுக்கால் வெளியே போய்விடும். இப்போது கட்டுகிற வீடுகளில் அந்த இடத்தைக் கண்ணாடியால் அடைத்துவிட்டு ஏசி பூட்டுகிறார்கள்.

மேற்குப் பக்க யன்னல்கள் மட்டும் சாத்தியிருந்தன. அந்தப் பக்கம்தான் கச்சான் வருகிறது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வரும் மேற்குக் காற்று அது. ஆனி, ஆடியில் மட்டக்களப்பாரைக் கேட்டால் பெருமூச்சோடு சொல்வார்கள். காலையில் கிழக்கு யன்னல்களைத் திறப்பதும் பத்து மணிக்கு மேற்கைச் சாத்துவதும் இந்த வீட்டின் அன்றாட வேலை. திரைச்சீலை கிழக்கில் மெல்லிசு, மேற்கில் தடிப்பு. ஒரே துணியை வீடு முழுக்கத் தொங்கவிட வேண்டும் என்ற சட்டம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, இங்கே அது இல்லை.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது யன்னலின் உயரம். கீழ் விளிம்பு என் முழங்காலுக்குச் சற்று மேலேதான் இருந்தது. ஏன் இவ்வளவு பதிவாக வைத்தார்கள் என்று கேட்டேன்.

"பாயில இருக்கிற ஆளுக்குத்தானே புள்ள காத்து வேணும்? நிக்கிற ஆளுக்கு என்னத்துக்கு யன்னல்? நிக்கிற ஆள் வெளிய போகலாமே."

நான் பாயில் உட்கார்ந்து பார்த்தேன். அறை அப்படியே மாறிவிட்டது. நின்றபோது உயரக் கூரையும் வெறும் சுவருமாகத் தெரிந்த இடம், உட்கார்ந்ததும் முற்றத்துத் துளசி, கிணற்றுக் கட்டு, யன்னல் சட்டத்தின் கடைசல் என்று கண்ணுக்கு நேரே வந்தது. சுவரில் சாமிப் படங்களும் கல்யாணப் படமும்கூட நான் மாட்டுகிற உயரத்தைவிட ஒரு முழம் கீழேதான் இருந்தன. எங்கள் பிளட்டில் எல்லாவற்றையும் நிற்கிற ஆளின் கண்ணுக்கு அளந்து மாட்டிவிட்டு, பிறகு உட்கார்ந்து டிவி பார்க்கிறோம்.

இந்த வீடு அம்மம்மாவின் சீதனம். கிழக்கில் தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவளுக்கு எழுதிவிட்டு, தாய் தகப்பன் அதே வளவில் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கோ பக்கத்து வளவுக்கோ நகர்ந்துவிடுவார்கள். மாப்பிள்ளை வந்து சேருவார். ஆகவே எந்த அறை எங்கே, எந்த யன்னல் எந்த உயரம் என்பதில் பெண்களின் சொல்லுக்கு எடை உண்டு. யன்னலை வைத்த உயரத்தை அம்மம்மாவின் தாயார்தான் தச்சனிடம் கையால் காட்டிச் சொன்னாராம். கட்டடக் கலையைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் போடுகிறவர்கள் இந்தத் தாயார்களை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு ஒரு கோபம் உண்டு. அது வேறு கதை.

தரை இரத்தச் சிவப்பு, ஓரத்தில் நான்கு விரல் கறுப்புக் கரை. சீமெந்தோடு சிவப்புப் பொடி கலந்து, மேல்பூச்சு இறுகுவதற்கு முன் கரண்டியால் இழைத்து இழைத்து வழுவழுப்பாக்கி, பிறகு நாட்கணக்கில் ஈரம் காயவிடாமல் வைத்திருப்பார்கள். அந்த ஈரத்தில் அவசரப்பட்டால் வெடிப்பு விழும். அதன் பிறகு மெழுகு பொலிஷ், பாதி வெட்டிய தேங்காய் மட்டையில் காலை வைத்து அரக்கி அரக்கித் தேய்ப்பது. தோழி சின்ன வயதில் அதைத் தண்டனையாகச் செய்திருக்கிறாள். சுவருக்கு இன்னும் சுண்ணாம்புதான், வெள்ளை மஞ்சளடிக்காமல் இருக்கத் துணிக்குப் போடுகிற நீலம் ஒரு துளி கலந்து. வாவிக்கரையில் சுவர் ஈரத்தையும் உப்பையும் குடிக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். பக்கத்து வீட்டுப் புதுப் பெயின்ட் தோல் தோலாக உரிந்து தொங்குவதை அம்மம்மா மகிழ்ச்சியோடு காட்டினார்.

பிளட்டில் சிவப்புத் தரை ஊற்ற முடியாது, சுண்ணாம்பும் பூச முடியாது. ஆனால் கீழே அடர்த்தி, சுவரில் நீலம் தொட்ட வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் கறுத்த மரம் என்ற அடுக்கை எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் காசு அதிகம் வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட வீடுகள் ஏன் குறைவு என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். 1978 நவம்பர் 23 சூறாவளி. "ஓடெல்லாம் கடுதாசி மாதிரிப் பறந்துது புள்ள. மறுகா எல்லாரும் கொங்கிறீட் தட்டு, தகரம் எண்டு போயிற்றாங்க" என்றார் அம்மம்மா. இந்த வீட்டுக்கும் கூரை புதுசுதான். சுவரும் கதவும் யன்னலும் தப்பியவை.

விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை. கைப்பிடிக்கு அடியிலிருந்து ஒரு பலகையை வெளியே திருப்பிக் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். முதிரை மரம், தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது. செய்தவர் மாமாங்கப் பக்கத்துப் பறங்கித் தச்சர் ஒருவர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் பரம்பரை பரம்பரையாகத் தச்சுவேலையும் இரும்புவேலையும் செய்தவர்கள். வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல், தெருவில் தமிழ். ஊரின் பழைய அலுமாரிகள், கட்டில்கள், கோவில் கதவுகள் பலவற்றில் அவர்களுடைய உளி பட்டிருக்கிறது.

கதிரையின் பிரம்புப் பின்னல் நடுவில் தொய்ந்திருந்தது. கொழும்பில் என்றால் குஷன் வைத்து மறைத்திருப்போம். அம்மம்மா சொன்ன வைத்தியம்: கதிரையைக் கவிழ்த்து, சுடுதண்ணியில் பிழிந்த துணியால் பின்னலின் அடிப்பக்கத்தை நன்றாக ஒற்றி, இரவு முழுக்க நிழலில் காயவிட வேண்டும். காயும்போது பிரம்பு சுருங்கி இழுத்துக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போது மட்டும் யாரையும் உட்காரவிடக் கூடாது. பளபளப்புள்ள மேல்பக்கத்தில் தண்ணி ஏறாது, அடிப்பக்கத்தால்தான் குடிக்கும். மறுநாள் தட்டிப் பார்த்தோம், றபான் மேளத்தின் தோல் மாதிரி இறுகியிருந்தது.

காத்தான்குடியில் அதிக நேரம் நிற்கவில்லை. நடுவீதிப் பேரீச்ச மரங்களைத் தாண்டிப் பூர்வீக நூதனசாலைக்குப் போனேன். ஆளுயர உருவங்களோடு பழைய வாழ்க்கையைக் காட்டும் இடம். எனக்குப் பிடித்தவை வெற்றிலை வைக்கும் வட்டாவும் துப்பும் படிக்கமும். ஒற்றைக் காலில் நிற்கும் அந்தப் பித்தளை வட்டா, பாயில் இருப்பவரின் கை நீளும் உயரத்துக்குச் சரியாக அளந்தது. மறுபடியும் அதே உயரம்! ஊரில் ஒன்று கிடைத்தது, என் வீட்டில் சாவியும் மூக்குக்கண்ணாடியும் வைப்பதற்கு. வெற்றிலை போடுகிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

பன் பாயும் அங்கேதான் வாங்கினேன். சதுப்பில் வளரும் பன்னை வெட்டிக் காயவைத்து, சாயத்தில் அவித்து, பெண்கள் வீட்டிலிருந்தே இழைப்பது. கடைக்காரர் முதலில் விரித்தவை பிளாஸ்டிக் பாய்கள். கேட்டால்தான் உள்ளே போய் இதை எடுக்கிறார்கள். வாங்கும்போது பூவைப் பார்க்காமல் ஓரத்தைப் பாருங்கள், முனைகள் உள்ளே மடங்கி இழைந்திருக்க வேண்டும். கரும்சிவப்பு ஓடிய ஒன்றை எடுத்தேன், ஹோலின் தரைக்கு.

பிறகு தெற்கே, களுவாஞ்சிக்குடி, ஓந்தாச்சிமடப் பாலம், கல்லாறு தாண்டி அம்பாறை மாவட்டத்துக்குள் நுழைந்ததும் மருதமுனை. கடலோர ஊர். 2004 சுனாமி வீடுகளோடு தறிகளையும் கொண்டுபோனது. ஆனாலும் சில ஒழுங்கைகளில் இன்றும் தறிச் சத்தம் கேட்கிறது. ஆண்கள் உடுக்கும் சாரமும் சாறியும்தான் ஊரின் பெயர் சொல்லும் சரக்கு.

நான் போன தறிக்கொட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டதால் நானும் காக்கா என்றேன். திரைச்சீலைக்குத் துணி வேண்டும் என்றதும் சிரித்தார்.

"யன்னல் எத்தின அடி தங்கச்சி?"

ஐந்தடி என்றேன்.

"அப்ப துணி பத்தடி அகலத்துக்கு வேணும். யன்னலளவுக்கு எடுத்தா துணி விறைச்சுக்கொண்டு நிக்கும். மடிப்பு விழவேணும்."

கொழும்புத் தையற்காரர்கள் ஒன்றரை மடங்கோடு முடித்துவிடுவார்கள், மெல்லிய கைத்தறிக்கு இரண்டு மடங்குதான் சரி. நீளமாக ஓடும் பாவில் வெள்ளையும் குறுக்கே ஓடும் ஊடில் நீலமுமாக நெய்த துணி ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். கையில் பார்த்தால் வெளிர்நீலம், வெயிலுக்கு எதிரே பிடித்தால் கிட்டத்தட்ட வெள்ளை. அச்சடித்த துணியில் இந்த இரட்டை நிறம் வராது. கிழக்கு யன்னலுக்கு அது. மேற்குக்கு நெருக்கமாக அடித்து நெய்த சாரத் துணி, கரும்பச்சைக் கட்டம். சாரத்தைத் திரைச்சீலையாகப் போடுவதா என்று அங்கிருந்த பொடியன் ஒருவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. காக்கா மட்டும் கட்டத்தை எப்படிச் சேர்த்துத் தைத்தால் மூட்டுத் தெரியாது என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். தைக்க முன்னம் ஒருமுறை நனைத்துக் காயப்போடச் சொன்னார். கைத்தறிப் பருத்தி முதல் கழுவலில் சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் தரைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

கல்முனை, காரைதீவுப் பக்கம் வெளிநாட்டுக் காசில் எழும்பிய புது வீடுகள் சிலவற்றையும் பார்த்தேன். மின்னும் டைல், அடுக்கடுக்கான ஜிப்சம் கூரை, அதற்குள் நீல விளக்கு. உழைத்துக் கட்டியவர்களின் ஆசையைக் குறை சொல்ல நான் யார். ஆனால் ஒரு வீட்டில் அந்த அழகான ஹோலைப் பூட்டிவைத்துவிட்டு எல்லோரும் பின்விறாந்தையில் பாய் போட்டு இருந்தார்கள். எனக்கும் அங்கேதான் தேத்தண்ணி வந்தது. அறுகம்பைக் கடற்கரையின் கபானாக் குடில்கள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓலையும் கயிற்று ஊஞ்சலும் படத்துக்கு நன்றாக வரும்.

இப்போது தெஹிவளையில் பாய் விரித்தாயிற்று, படங்களை ஒரு முழம் இறக்கியாயிற்று, திரைச்சீலை தையலில் இருக்கிறது. சோபா வாங்குவதில்லை என்று முடிவு. சாய்மனைக் கதிரை ஒன்று தேடுகிறேன். பின்னல் அறுந்திருந்தாலும் பரவாயில்லை, சட்டம் முதிரையாக இருந்து ஆடாமல் நின்றால் போதும். மட்டக்களப்புப் பக்கம் யாராவது விற்பதாக இருந்தால் சொல்லுங்கள், வந்து ஏற்றிக்கொண்டு போகிறேன்.