டிக்க எடுத்தாலும் திரும்ப வந்து நிக்கா? செக்பாக்ஸ் கூத்து

டவுன்ல அல்வா கடை வச்சிருக்க ஒரு அண்ணாச்சிக்கு ஜாவால ஆர்டர் சாஃப்ட்வேர் ஓடுது, எந்தெந்த ஊருக்கு டெலிவரி உண்டுன்னு அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர்னு வரிசையா செக்பாக்ஸ். "ஏ தம்பி, வள்ளியூர் டிக்க எடுத்து சேவ் பண்ணுதேன், திரும்பப் பாத்தா அப்படியே நிக்குல்லா"ன்னு போன் போட்டாவ.

சவம், இது ஜாவா குத்தமே இல்ல. டிக் இல்லாத செக்பாக்ஸ பிரவுசர் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது, ஹெச்டிஎம்எல் விதியே அதான். டிக் இல்லன்னு சொல்ல ஃபால்ஸ்னு வரும்னு காத்துக் கிடந்தா வராது. சர்வர்ல அந்த மதிப்ப வாங்க கெட்பாராமீட்டர் போட்டா நல் தான், அதாவது ஒண்ணுமே இல்ல; ஒப்பிட்டுப் பாக்க அது மேல ஈக்குவல்ஸ் கூப்பிட்டா நல்பாயிண்டர் எக்செப்ஷன்னு எரர். வேல்யூ குடுக்காத பாக்ஸ்ல டிக் போட்டா வெறும் "ஆன்"னு வரும், நாலு ஊருக்கும் ஒரே நேம் வச்சுட்டு வேல்யூவ விட்டுட்டா நாலு ஆன் வந்து நிக்கும், எது எந்த ஊருன்னு யாரு கண்டா? ஒரே நேம்னா எல்லா வேல்யூவையும் சேத்து வாங்குத கெட்பாராமீட்டர்வேல்யூஸ் தான் போடணும், இல்லன்னா முதல் ஊரு மட்டும் தான் கிடைக்கும். எல்லா டிக்கையும் எடுத்துட்டா காலி அர்ரே (வெறும் பட்டியல்) வரும்னு நெனைக்காதீங்க, அங்கயும் நல் தான்.

அண்ணாச்சி கோட்ல வந்த ஊர மட்டும் லூப் ஓட்டி ட்ரூ போட்டிருக்கு, வராத ஊர யாரும் தொடல. அப்போ டேட்டாபேஸ்ல உள்ள எல்லா ஊரையும் எடுத்து, வராததெல்லாம் ஃபால்ஸ்னு போட்டா தீந்துதான்னு கேட்டா, அங்கதான் வில்லங்கம். வரலன்னா டிக்க எடுத்தாச்சுன்னும் இருக்கலாம், அந்த பாக்ஸே அந்த ஸ்கிரீன்ல இல்லன்னும் இருக்கலாம். லிஸ்ட் ரெண்டு பேஜா இருந்தா, முதல் பேஜ்ல சேவ் குடுத்ததும் ரெண்டாவது பேஜ்ல கெடக்க ராதாபுரமும் சேந்து காலி.

இதுக்குத்தான் ஸ்பிரிங்னு ஒரு ஜாவா ஃப்ரேம்வொர்க்கோட ஃபார்ம் டேக், ஒவ்வொரு பாக்ஸோடயும் பேருக்கு முன்னால அண்டர்ஸ்கோர் போட்ட, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஹிட்டன் ஃபீல்ட தானா வைக்குது, ஹிட்டன் வந்து பாக்ஸ் வரலன்னா டிக்க எடுத்திருக்காவன்னு அர்த்தம். ஸ்ட்ரட்ஸ் 1ங்கிற பழைய ஜாவா ஃப்ரேம்வொர்க்ல ரீசெட் மெத்தட்ல நாமளே ஃபால்ஸ் போடணும். ஃப்ரேம்வொர்க் எதுவும் இல்லாம வெறும் ஜேஎஸ்பி (ஜாவா வெப் பேஜ்) மட்டும்னா ஊர் ஐடிய ஹிட்டன்ல நாமளே வச்சு அனுப்பிட வேண்டியதுதான், அண்ணாச்சிக்கு அப்படித்தான் போட்டுக் குடுத்தேன்.

அடுத்து "சேரன்மகாதேவிய மட்டும் எவனும் எடுக்கக் கூடாது"ன்னாவ. மாத்த விடாம தடுக்குத ரீட்ஒன்லி செக்பாக்ஸ்ல வேலைக்கே ஆகாது, டிசேபிள் பண்ணினா டிக் இருந்தாலும் அனுப்பாது, அதனால பாக்ஸ டிசேபிள் பண்ணிட்டு அந்த ஊர மட்டும் சர்வர்லயே எப்பவும் ட்ரூன்னு வச்சாச்சு.