வைட்டமின் டி ஆய்வும் ஒரு சாட்சிக் கையெழுத்தும்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தில் ஐம்பது வயதைக் கடந்த பெண்களின் வைட்டமின் டி அளவையும் எலும்பு அடர்த்தியையும் ஒப்பிடுவது என் முதுநிலைப் படிப்பின் ஆய்வுத் தலைப்பு. வழிகாட்டி ஒரே அமர்வில் ஒப்புக்கொண்டார். சிக்கல் நெறிமுறைக் குழுவின் அலுவலகத்தில் தொடங்கியது.

தமிழ் ஒப்புதல் படிவம், வினாத்தாள், வழிகாட்டியின் கடிதம் எல்லாவற்றையும் எழுத்தர் வாங்கி முத்திரை குத்தி வைத்துக்கொண்டார். பதினெட்டு நாள் கழித்து, கூட்டத்துக்கு முந்தைய மாலையில் கோப்பு திரும்பி வந்தது. கைநாட்டு வைப்பவர்களுக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. என் படிவத்தில் அதற்கு இடமே இல்லை. தவறு என்னுடையதுதான். ஆனால் வாங்கிய அன்றே சொல்லியிருந்தால் ஒரு வரியைச் சேர்க்க ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "அடுத்த மீட்டிங் ரெண்டு மாசம் கழிச்சுதான்" என்றார் எழுத்தர், தலையை நிமிர்த்தாமல்.

அந்த இரண்டாவது கூட்டத்தில் எலும்பு மருத்துவரான உறுப்பினர் ஒருவர், குடிநீரைப் பற்றி வினாத்தாளில் ஏன் ஒரு கேள்வியும் இல்லை என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. இந்த மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு மிகுதி என்பது ஊரறிந்தது. அது படிந்த முதுகெலும்பு, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா கருவியில் அடர்த்தி மிக்கதாகத் தெரிந்தாலும் எளிதில் முறியக்கூடியதாக இருக்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் வந்தது என்பதால், இன்று குடிக்கும் தண்ணீரை மட்டும் கேட்டாலும் போதாது. "காவிரித் தண்ணீர் வருவதற்கு முன் எதைக் குடித்தீர்கள்?" என்ற வரியை அன்றிரவே சேர்த்தேன். இரண்டு மாதத் தாமதத்தில் கிடைத்த ஒரே நன்மை அது.

கிராமங்களில் ஒத்துழைப்புக்குக் குறைவில்லை. "நாளெல்லாம் வெயில்லதானம்மா கெடக்கறோம், எங்களுக்கு என்ன கொறை?" என்று கேட்ட பாட்டி, சேலைக்கு மேல் முழுக்கை ஆண் சட்டையும் தலையில் துண்டுமாக நின்றிருந்தார். வெயிலின் புற ஊதா பி கதிர் பட வேண்டிய தோலில் முகமும் புறங்கையும்தான் வெளியே இருந்தன. வயதான தோல் வைட்டமின் டியைக் குறைவாகவே உருவாக்கும் என்பது வேறு.

அடுத்த அடி ஆய்வகத்தில் விழுந்தது. முதல் நாற்பது மாதிரிகளுக்கான கட்டண மதிப்பீடு நான் எண்ணியதைப் போல இரு மடங்குக்கு மேல் இருக்கவே, கோரிக்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன்: 25-ஹைட்ராக்சி கட்டத்துக்குப் பதிலாக 1,25-டைஹைட்ராக்சி கட்டத்தில் குறி இருந்தது. "ரெண்டும் வைட்டமின் டிதானே மேடம்?" என்றார் பதிவு மேசையில் இருந்தவர். உடலின் சேமிப்பைக் காட்டுவது முதலாவது. இரத்தத்தில் அதன் அரை ஆயுள் இரண்டு, மூன்று வாரம். இரண்டாவது சில மணி நேரமே நிற்கும்; மேலும், சேமிப்பு வற்றினாலும் பாராதைராய்டு ஹார்மோன் சிறுநீரகத்தை முடுக்கி அதன் அளவைத் தாங்கிப் பிடிப்பதால், பற்றாக்குறை உள்ளவரும் நலமானவராகத் தெரிவார். நல்லவேளை, குழாய்கள் இன்னும் உறைபெட்டியில்தான் இருந்தன. இப்படி ஆய்வு செய்ய இருப்பவர்கள், கட்டத்தில் தாங்களே குறியிட்டு, படிவத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, வினாத்தாளில் "வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இல்லை என்று சொன்ன ஓர் அம்மாவின் முடிவு, பிறரைவிட வெகுவாக உயர்ந்து வந்தது. மறுபடியும் ஊருக்குப் போய்க் கேட்டால், வாரம் ஒரு பொட்டலத் தூளைப் பாலில் கலந்து குடிப்பதாகச் சொன்னார். 60,000 யூனிட் பொட்டலம் அது. "அது பவுடருங்க, மாத்தர இல்லையே" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அன்றிலிருந்து ஒரு வெற்றுப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் காட்டிக் கேட்கிறேன்.