புல்லு வெட்டுற அப்பாவும் அணுகுண்டு தாங்குற வீடும்

நேத்து தூக்கம் வராம இன்டர்நெட் ஆர்க்கைவ்ல பிரெலிங்கர் கலெக்‌ஷனை நோண்டிட்டு இருந்தேன். ரிக் பிரெலிங்கர்னு ஒருத்தர், குப்பைன்னு ஒதுக்கின கம்பெனி விளம்பரப் படம், ஸ்கூல் படமெல்லாம் 1980கள்ல இருந்து சேத்தது, இப்ப நாம ஓசியிலயே பாக்கலாம்.

அதுல 'இன் த சபர்ப்ஸ்'னு ஒண்ணு, 1957ல வந்தது. அமெரிக்காவுல டவுனுக்கு வெளிய புதுசா வந்த வீடுங்க, சின்ன வயசு புருஷன் பொண்டாட்டி, புள்ளைங்க, கொல்லையில பார்பிக்யூ, காரை நிறுத்திட்டு சாமான் அள்ளிட்டு வர ஷாப்பிங் சென்டர். சரி, வீடு வாங்குங்கன்னு குடும்பங்களுக்குச் சொல்ற படம் போலன்னு நெனச்சேன். இல்லயாம். எடுக்க வச்சது ரெட்புக் பத்திரிகை, போட்டுக் காட்டினது விளம்பரம் குடுக்கற கம்பெனிக்காரங்களுக்கு, "பாருங்க எப்படி வாங்கித் தள்றாங்க, இவங்கதான் எங்க வாசகருங்க"ன்னு! அதாவது படத்துல வர்ற குடும்பம்தான் சரக்கே. இது தெரிஞ்சப்புறம் மறுபடி ஓட்டினா, சிரிச்சிக்கிட்டு தள்ளுவண்டி தள்ற அம்மாவைப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு.

இதையும் மிஞ்சினது 1954ல வந்த 'த ஹவுஸ் இன் த மிடில்'. நெவாடா பாலைவனத்துல மூணு குட்டி வீடு வச்சு அணுகுண்டு வெடிக்கறாங்க, ரெண்டு எரிஞ்சுடுது, நடுவுல பெயிண்ட் அடிச்சு சுத்தமா வச்ச வீடு மட்டும் நிக்குது. பின்னாடி யாரு? பெயிண்ட் வியாபாரிங்க சங்கம்தான், கூட அரசாங்கத்தோட சிவில் டிஃபென்ஸ் (போர் வந்தா பொதுமக்களைக் காப்பாத்தற துறை) ஆளுங்களும். நான் சிரிச்ச சிரிப்புல வீட்டுல எழுந்து வந்து திட்டினாங்க.

ஆனா வரிசையா பாக்கப் பாக்க ஒண்ணு உறுத்துச்சு, இந்த ஏரியாங்கள்ல கறுப்பர் ஒருத்தர் கூட குடியிருக்கற மாதிரியே காட்டல. அது கேமராமேனோட மறதி இல்ல. நியூயார்க் பக்கம் 1947ல ஆரம்பிச்சு 17 ஆயிரத்துக்கும் மேல வீடு கட்டின பில்டர் லெவிட், கறுப்பருக்கு விக்கவே மாட்டேன்னுட்டார். பென்சில்வேனியாவுல அவரே கட்டின லெவிட்டவுன்ல 1957 ஆகஸ்ட்ல பில், டெய்சி மையர்ஸ்னு ஒரு கறுப்பர் குடும்பம் இன்னொருத்தர்கிட்ட இருந்து வீடு வாங்கிக் குடி போனப்ப, கும்பல் கூடி கல்லெறிஞ்சு ஹால் கண்ணாடி ஜன்னலை உடைச்சாங்க. அவங்க காலி பண்ணல.

அதுக்கும் படம் இருக்கு, 'கிரைசிஸ் இன் லெவிட்டவுன்'. ஊர்க்காரங்களே கேமரா முன்னாடி உக்காந்து, கூச்சமே இல்லாம, ஏன் அவங்க வேணாம்னு நிதானமா விளக்குறாங்க.